‘படிப்புக்குத்தான்பா!’: கிராஃபிக்ஸ் கார்டின் அவசர வரலாறு

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோது, சத்தமில்லாமல் மனித குலத்தை இரண்டு ஜாதியாகப் பிரித்தது. முதல் ஜாதி, வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு எம்டிஏ என்ற கார்டு. வரிக்கு 80 எழுத்து, திரைக்கு 25 வரி, எல்லாம் ஒரே பச்சை. ஒரு வட்டம் போடச் சொன்னால் கையை விரித்துவிடும். ஆனால் உத்தமமான கார்டு. பிரின்டரைச் செருகவும் அதிலேயே இடம் வைத்திருந்தார்கள். கணக்கு எழுது, அச்சடி, வீட்டுக்குப் போ.

இரண்டாவது ஜாதி, விளையாடுகிறவர்கள். அவர்களுக்கு சிஜிஏ. 16 கேபி நினைவகம், 320-க்கு 200 புள்ளி, ஒரே நேரத்தில் நான்கு வண்ணம். எந்த நான்கு என்பதில் உங்களுக்குப் பெரிய உரிமை கிடையாது. பெரும்பாலான விளையாட்டுகளுக்கு வாய்த்தவை கறுப்பு, வெள்ளை, மயில்நீலம், கண்ணைப் பறிக்கும் ரோஸ். மரம் ரோஸ், மலை ரோஸ், மலையிலிருந்து விழுகிற அருவி நீலம். மனிதன் நீலமாக இருந்தால் கண்ணபிரான், ரோஸாக இருந்தால் வெயிலில் மாட்டிக்கொண்ட வெள்ளைக்காரர். நம்மைப் போன்ற மாநிறத்துக்கு ஐபிஎம் இட ஒதுக்கீடு எதுவும் செய்யவில்லை.

இந்த இரண்டு ஜாதிக்கும் நடுவே ஒரு தாய்லாந்து மாணவர் வந்து நின்றார். பெயர் வான் சுவன்னுகுல். அமெரிக்காவில் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தன் ஊர் எழுத்தில் எழுத வேண்டும் என்பது அவர் பிரச்சினை. எம்டிஏவில் ஆங்கில எழுத்துகள் அச்சில் வார்த்ததுபோல உட்கார்ந்திருந்தன. அவற்றை எழுப்பிவிட்டு வேறு எழுத்தை உட்காரவைக்க வழியில்லை. சிஜிஏவிலோ புள்ளிகள் போதாது. எழுத்தின் மேலே கொம்பும் கீழே சுழியும் போடுகிற எந்த ஆசிய மொழிக்கும் அது உதவாது. சாதாரண மாணவராக இருந்தால் ‘கம்ப்யூட்டர் சரியில்லை சார்’ என்று சொல்லி ஆறு மாதம் அவகாசம் வாங்கியிருப்பார். இவர் கார்டையே புதிதாகச் செய்துவிட்டார். 720-க்கு 348 புள்ளி, 1982-இல் விலை 499 டாலர், பெயர் ஹெர்குலிஸ். ஐபிஎம்மின் இரண்டு கார்டுகளுக்கும் நடுவே புகுந்து சக்கைப்போடு போட்டது.

‘படிப்புக்குத்தான்’ என்று சொல்லிக் கிராஃபிக்ஸ் கார்டுக்குச் செலவு செய்தவர்களில் அதை முழு மனதோடு சொல்லியிருக்கக்கூடியவர் அவர். அடுத்த 30 ஆண்டு அந்த வாக்கியம் உலகம் முழுவதும் பொய்யாகத்தான் புழங்கியது.

முக்கோணம் படுத்திய பாடு

நடுவில் நடந்ததை வேகமாகத் தாண்டிவிடலாம். 1984-இல் இஜிஏ வந்து 16 வண்ணம் தந்தது. 1987-இல் விஜிஏ 256 வண்ணம் தந்தது. மாநிறத்துக்கு விடிவு பிறந்தது. அந்த விஜிஏ விட்டுச்சென்ற 15 ஊசி முனையும், இரண்டு பக்கத்திலும் திருகி முடிக்க முடியாத இரண்டு திருகுகளும் நம் கல்லூரி செமினார் ஹால்களை இன்னும் ஆண்டுகொண்டிருக்கின்றன.

ரகளை தொடங்கியது முப்பரிமாணத்தில். திரையில் தெரிகிற அரக்கன், அவன் கையில் உள்ள கோடரி, பின்னால் எரிகிற கோட்டை எல்லாமே ஆயிரக்கணக்கான குட்டி முக்கோணங்கள். ஒவ்வொரு முக்கோணமும் எங்கே விழும், எந்த நிறம் பூசும் என்று நொடிக்குப் பல முறை கணக்குப் போட வேண்டும். ஒவ்வொன்றும் ஐந்தாம் வகுப்புக் கணக்கு, ஆனால் லட்சக்கணக்கில் இருக்கிறது. கணினியின் பிராசசர் கல்யாண வீட்டுத் தலைமைச் சமையற்காரர் போன்றவர். எதையும் சமைப்பார், ஆனால் அவர் ஒருவர்தான். இரண்டாயிரம் பேர் பந்திக்குக் கத்திரிக்காயை அவரே நறுக்க ஆரம்பித்தால் முகூர்த்தம் முடிந்து மறுவீடும் முடிந்துவிடும். நறுக்க மட்டுமே தெரிந்த நூறு பேரை வரிசையாக உட்காரவைத்தால் காரியம் ஆகும். அந்த நூறு பேர்தான் கிராஃபிக்ஸ் கார்டு.

நறுக்க வந்தவர்களில் சிலருக்குக் கத்தி பிடிக்கவே தெரியாது என்பது 1996-இல் தெரிந்தது. எஸ்3 நிறுவனத்தின் விர்ஜ் என்ற சிப், முப்பரிமாண வேலையை வேகப்படுத்துவதாகச் சொல்லி வந்தது. பல விளையாட்டுகளில், அதை ஓரமாக உட்காரவைத்துவிட்டுப் பிராசசரே தனியாக வேலை செய்தால் இன்னும் வேகமாக ஓடியது. வேகம் கூட்டும் கருவி என்ற பெயரை மாற்றி, வேகம் குறைக்கும் கருவி என்று உலகம் செல்லமாக அழைத்தது.

அதே 1996-இல் வந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ நிஜமான ஆள். 4 எம்பி நினைவகம். ஆனால் ஆசாமி கும்பகர்ணன். போர் வந்தால்தான் எழுந்திருப்பார். டைப் அடிக்க, படம் பார்க்க, சீட்டாட எல்லாவற்றுக்கும் இன்னொரு கார்டு தனியாக இருக்க வேண்டும். அந்தக் கார்டிலிருந்து ஒரு கேபிளைப் பிடுங்கி இவர் முதுகில் செருகி, இவர் முதுகிலிருந்து இன்னொரு கேபிளை மானிட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். விளையாட்டைத் திறந்ததும் சில கார்டுகளில் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். எழுந்துவிட்டார் என்று அர்த்தம். 1997-இல் குவேக் விளையாட்டை வூடூவில் பார்த்தவர்களுக்குப் பழைய திரை கண்ணில் புரை விழுந்தது போலத் தெரிந்தது.

1998-இல் வூடூ2. இரண்டு கார்டுகளைச் சேர்த்து மாட்டலாம் என்றார்கள். ஒற்றைப்படை வரிகளை ஒருவர் வரைவார், இரட்டைப்படை வரிகளை மற்றவர். டைப் அடிக்க வழக்கம்போல மூன்றாவது கார்டு. கேபினெட்டுக்குள் கூட்டுக்குடும்பம்.

டென்னிஸ் கடையில் ஒரு சாம்ராஜ்யம்

இனி வில்லனா நாயகனா என்று இன்றுவரை முடிவாகாத பாத்திரத்துக்கு வருவோம். 1993-இல் ஜென்சன் ஹுவாங், கிறிஸ் மலாகோவ்ஸ்கி, கர்டிஸ் பிரீம் என்ற மூன்று பொறியாளர்கள் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில், டென்னிஸ் என்ற சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து கம்பெனி போட முடிவெடுத்தார்கள். ஹுவாங் இளவயதில் இதே டென்னிஸ் சங்கிலியின் இன்னொரு கிளையில் தட்டுக் கழுவியவர். கம்பெனியின் பெயர் என்விடியா.

முதல் சிப் என்வி1, 1995-இல். ஊரே முக்கோணத்தை வைத்து வரைந்துகொண்டிருக்க, இவர்கள் வளைந்த பரப்புகளை வைத்து வரைவோம் என்று புறப்பட்டார்கள். வளைவுகள் அழகுதான். ஆனால் மைக்ரோசாஃப்ட் தன் டைரக்ட்3டி என்ற முப்பரிமாண இலக்கணத்தில் முக்கோணம்தான் செல்லுபடி என்று சொல்லிவிட்டது. போதாக்குறைக்கு அந்தக் கார்டில் ஒலியும் உண்டு, சேகா விளையாட்டுப் பெட்டியின் கைப்பிடியைச் செருக இடமும் உண்டு. எல்லாம் இருந்தது, வாங்க ஆள் இல்லை.

அப்போது சேகாவின் அடுத்த விளையாட்டுப் பெட்டிக்குச் சிப் செய்து தருவதாக ஒப்பந்தம் வேறு இருந்தது. ஹுவாங் சேகாவின் ஷோய்ச்சிரோ இரிமஜிரியைப் போய்ப் பார்த்தார். எங்கள் தொழில்நுட்பமே தப்பான பாதை, நீங்கள் வேறு ஆளைப் பாருங்கள், ஆனால் பேசிய பணத்தைக் கொடுக்காவிட்டால் நாங்கள் மூடிவிடுவோம் என்பது அவர் விண்ணப்பத்தின் சாரம். வீடு கட்டாத மேஸ்திரி இப்படி வந்து நின்றால் நம்மூரில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இரிமஜிரி பணம் கொடுத்தார். அந்த 50 லட்சம் டாலரில் மூச்சு வாங்கிக்கொண்டு, பாதிக்கும் மேற்பட்ட ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முக்கோணத்துக்கு முழுசாகச் சரணடைந்து, 1997-இல் ரிவா 128 என்ற சிப்பைக் கொண்டுவந்தார்கள். விற்றது. பிழைத்தார்கள்.

1999-இல் ஜீஃபோர்ஸ் 256 வந்தபோது, உலகின் முதல் ஜிபியு இதுதான் என்று அவர்களே பட்டம் சூட்டிக்கொண்டார்கள். நம் அரசியல் தலைவர்கள் தமக்குத் தாமே போஸ்டர் ஒட்டிக்கொள்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பட்டம் நிலைத்துவிட்டது என்பதுதான் வியப்பு.

3டிஎஃப்எக்ஸ் என்ன ஆனது? தன் சிப்பை வாங்கி மற்றவர்கள் கார்டு செய்து லாபம் பார்க்கிறார்களே என்று வயிறெரிந்து, 1998 டிசம்பரில் எஸ்டிபி என்ற கார்டு கம்பெனியை வாங்குவதாக அறிவித்தது. இனி நம் கார்டை நாமே செய்துகொள்வோம் என்றது. அதுவரை வாடிக்கையாளராக இருந்த கம்பெனிகள் நேராக என்விடியா வீட்டு வாசலில் போய் நின்றன. கடைசியாக 3டிஎஃப்எக்ஸ் வூடூ5 6000 என்று ஒன்றைத் தயாரித்தது. நான்கு சிப்புகள் வரிசையாக நிற்கும். கணினிக்குள் இருக்கும் மின்சாரம் அதற்குப் போதாது. சுவரில் தனி பிளக்கில் செருகும் தனி அடாப்டர் வைத்தார்கள். கடைக்கு வருவதற்குள் கம்பெனி படுத்துவிட்டது. 2000 டிசம்பரில் அதன் முக்கியச் சொத்துகளை என்விடியா வாங்கிக்கொள்ள ஒப்பந்தமானது. 2002-இல் திவால். கும்பகர்ணன் இந்த முறை எழுந்திருக்கவில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட் திருவிளையாடல்

இதெல்லாம் கலிபோர்னியாவில். நம் வீடுகளில் அப்போது ‘ஆன்போர்டு’ யுகம். மதர்போர்டிலேயே ஒட்டிக்கொண்டு வரும் கிராஃபிக்ஸ். சொந்தமாக நினைவகம் கிடையாது. 128 எம்பி ராமில் கொஞ்சத்தைக் கைமாற்றாக வாங்கிக்கொண்டு பிழைப்பு நடத்தும். 2000-களின் தொடக்கத்தில் இன்டெல் அதற்கு வைத்த பெயர் ‘எக்ஸ்ட்ரீம் கிராஃபிக்ஸ்’. அதில் உச்சகட்டத்துக்குப் போனது நம் பொறுமை மட்டும்தான்.

ஆன்போர்டில் ரோடு ராஷ் ஓடும். வைஸ் சிட்டி நகரும். டாமி வெர்செட்டி ஓடிவந்து காரைத் திறந்து ஏறுவதற்குள் நீங்கள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அப்போதுதான் பிள்ளைகள் வாயிலிருந்து அந்தப் புராதன வாக்கியம் புறப்பட்டது.

“நல்லாத்தானேடா ஓடுது, இப்ப எதுக்கு இன்னொரு கார்டு?”

“படிப்புக்குத்தான்பா. ஆட்டோகேட், 3டி மேக்ஸெல்லாம் இது இல்லாம ஓடவே ஓடாது.”

பையன் பிகாம் முதலாமாண்டு என்பது அப்பாவுக்கு அந்த நேரத்தில் உறைக்காது. சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் இருவரும் நுழைவார்கள். கடைத் தம்பியிடம் அப்பா கடைசி முயற்சியாகக் கேட்பார்: “இது படிப்புக்கு நல்லதாப்பா?” தம்பி பையன் முகத்தைப் பார்ப்பார். பையன் கடவுளைப் பார்ப்பது போலத் தம்பியைப் பார்ப்பான். “ரொம்ப நல்லது சார். 128 எம்பி எடுத்துக்குங்க. கண்ணுக்கும் நல்லது.”

எம்பி என்பதைத் தாண்டி அந்தத் தெருவில் யாரும் பேச்சை வளர்த்ததில்லை. அரிசி வாங்குகிற மாதிரிக் கார்டை எடைபோட்டு வாங்கினோம். கம்பெனிகளும் தராசில் கட்டைவிரலை வைத்தன. எஃப்எக்ஸ் 5200 என்ற ஒரே பெயரில் 128 பிட் கார்டும் வந்தது, 64 பிட் கார்டும் வந்தது. நினைவகத்துக்குப் போய்வரும் பாதை பின்னதில் பாதி அகலம்தான். அது பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்காது. அடுத்து ஜீஃபோர்ஸ் 6200 டர்போகேஷ். பெட்டியில் 256 எம்பி என்று போட்டிருக்கும். கார்டின் மேல் அதில் ஒரு பகுதிதான் உண்டு. மீதியை உங்கள் ராமிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கைமாற்று வாங்குகிற ஆன்போர்டிலிருந்து தப்பிக்கக் காசு கொடுத்து வாங்கினால், அதுவும் கைமாற்றுக்கு வந்து நிற்கும்.

பெயர் வைப்பதில் நடந்தது இன்னும் பெரிய லீலை. 2002-இல் வந்த ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸ் 440 நம் ஊரில் சக்கைப்போடு போட்டது. நான்கு என்பது மூன்றைவிடப் பெரிது என்று நம்பித்தான் வாங்கினார்கள். ஆனால் அதன் உள்ளே இருந்தது ஜீஃபோர்ஸ்2 பரம்பரை. ஜீஃபோர்ஸ்3-க்குத் தெரிந்த ஷேடர் வித்தை இதற்குத் தெரியாது. 2003-இல் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ வந்தபோது, ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸில் ஓடாது என்று விளையாட்டைத் தயாரித்தவர்கள் பெயர் சொல்லியே கழற்றிவிட்டார்கள். ஊரெல்லாம் பையன்கள் அப்பாவிடம் மறுபடியும் படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

பிறகு 8800 ஜிடிஎஸ் என்று பிறந்த ஒரு சிப், கொஞ்சம் பவுடர் பூசி 9800 ஜிடிஎக்ஸ் ஆகி, மறுபடி குளித்துவிட்டு வந்து ஜிடிஎஸ் 250 ஆனது. ஆண்டுக்கொரு பெயர், ஆள் ஒருவரே. நம்பர் பிளேட்டைப் பார்த்து வண்டி வாங்கக் கூடாது என்பது அன்று கற்ற பாடம். இன்றும் செல்லும்.

வாத்து, சத்தம், மரத் திருகு

எதிர்முகாம் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். கனடாவில் 1985-இல் தொடங்கிய ஏடிஐ, 2001-இல் ரேடியான் 8500-ஐ வெளியிட்டது. குவேக் 3 விளையாட்டில் அமோக வேகம். சந்தேகப்பட்ட ஒரு விமர்சனத் தளத்தார், விளையாட்டுக் கோப்பின் பெயரில் ‘குவேக்’ என்பதை ‘குவாக்’ என்று மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். வேகம் சட்டென்று இறங்கியது, படம் தெளிவானது. டிரைவர் மென்பொருள் விளையாட்டின் பெயரைப் பார்த்துவிட்டு, படத்தின் தரத்தைச் சத்தமில்லாமல் குறைத்து வேகத்தைக் காட்டியிருக்கிறது. வாத்துச் சத்தத்தில் மாட்டிக்கொண்ட முதல் திருடன். 2003-இல் என்விடியாவின் டிரைவரும் 3டிமார்க் என்ற பரீட்சையில் பிட் அடித்ததாக, பரீட்சை வைத்தவர்களே அறிவித்தார்கள்.

அதே 2003-இல் என்விடியாவின் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா வந்தது. அதன் ஃபேன் போட்ட சத்தத்தில், யாரோ வீட்டுக்குள் வேக்குவம் கிளீனர் ஓட்டுகிறார்கள் என்று பெயராகிவிட்டது. கேலி தாங்காமல் என்விடியாவே ஒரு வீடியோ எடுத்து, தன் கார்டைச் சருகு ஊதித் தள்ளும் கருவியாகக் காட்டித் தானே சிரித்துக்கொண்டது. வசவு விழுவதற்கு முன் தானே தலையில் குட்டிக்கொள்கிற உத்தி.

2009-இல் இன்னும் விசேஷம். அடுத்த சிப் தயாரா என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஹுவாங் மேடையில் பளபளவென்று ஒரு கார்டைத் தூக்கிக் காட்டினார். புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள் கண்ணில் மரத் திருகுகள் பட்டன. தச்சர் கட்டிலுக்கு அடிக்கிற அதே ஜாதித் திருகு. அது பொம்மைக் கார்டு என்று கம்பெனி பிறகு ஒப்புக்கொண்டது. நிஜக் கார்டு, ஜிடிஎக்ஸ் 480, 2010-இல் வந்தது. 250 வாட். சூட்டில் முட்டை பொரிக்கலாம் என்று அமெரிக்காவில் நையாண்டி செய்தார்கள். கத்திரி வெயிலில் சென்னைக்காரருக்கு அந்த நையாண்டியில் பாதி புரியாது. முட்டை எங்கே வைத்தாலும் பொரியத்தானே செய்கிறது?

ஒரு கார்டும் அதன் உறவினர்களும்

2007 நவம்பரில் கிரைசிஸ் என்ற விளையாட்டு வந்து, நன்றாக இருந்த கணினிகளையெல்லாம் நோயாளிகளாக்கியது. இதில் கிரைசிஸ் ஓடுமா என்பதுதான் புதுக் கணினிக்குப் பெண் பார்க்கும்போது கேட்கிற முதல் கேள்வி. ஓடாது. ஆகவே கார்டை மாற்ற வேண்டும். கார்டை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போனவர்களின் கதை இப்படி நடக்கும்.

பழைய மதர்போர்டில் இருப்பது ஏஜிபி ஸ்லாட். 2004-இலேயே பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்துவிட்டது. புதுக் கார்டு பழைய ஸ்லாட்டில் ஏறாது. எனவே மதர்போர்டு. புது மதர்போர்டில் பழைய பிராசசரின் சாக்கெட் இல்லை. எனவே பிராசசர். பழைய ராம் டிடிஆர், புது போர்டு கேட்பது டிடிஆர்2. எனவே ராம். எல்லாம் மாட்டி ஆன் செய்தால் ஒரு புகை, ஒரு வாசனை. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் 450 வாட் என்று எழுதியிருந்தது. ஸ்டிக்கர் அடித்த பிரஸ்காரருக்கும் உள்ளே இருந்த மின்மாற்றிக்கும் அறிமுகம் கிடையாது. எனவே எஸ்எம்பிஎஸ். கார்டின் நீளம் ஹார்ட் டிஸ்கில் இடிக்கிறது. எனவே கேபினெட். கடைசியில் பழைய கணினியில் மிஞ்சியது மவுஸ் பேடு மட்டும். கார்டின் விலையைவிட அதை வரவேற்க ஆகும் சீர்செனத்தி எப்போதும் கூடுதல்.

இதிலிருந்து பெரியவர்கள் வகுத்த வரிசை ஒன்று உண்டு. முதலில் மானிட்டரைப் பார். 1080 கோடு காட்டுகிற மானிட்டருக்கு 4கே கார்டு வாங்கினால் மீதிப் புள்ளிகளைப் பூதக்கண்ணாடியில்தான் தேட வேண்டும். அடுத்து எஸ்எம்பிஎஸ், அதில் மிச்சம் பிடித்தவன் மற்ற எல்லாவற்றையும் இரண்டு முறை வாங்குவான். அடுத்து பிராசசர், அது மெதுவாக இருந்தால் கார்டு சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். கார்டு கடைசியில். நாம் இதை அப்படியே தலைகீழாகச் செய்தோம்.

ஒரு பொய் உண்மையான கதை

2012-ஐத் தமிழ்நாட்டுக்காரர்கள் மறக்க மாட்டார்கள். மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆண்டு. சென்னைக்கு வெளியே கரண்ட் எப்போது போகும் என்று யாரும் கேட்கவில்லை. எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள். அதே ஆண்டில், கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, பெற்றோர் வீட்டில் தன் படுக்கையறையில் இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளைக் கணினியில் மாட்டினார். ஒவ்வொன்றும் 3 ஜிபி. விளையாட்டுப் பிள்ளைகள் வாங்குகிற அதே கார்டு. ஆசிரியர் ஜெஃப்ரி ஹின்டன், உடன் மாணவர் இல்யா சுட்ஸ்கேவர். 12 லட்சம் படங்களைக் காட்டி, இது பூனை, இது கப்பல், இது காளான் என்று அந்தக் கார்டுகளுக்குப் பாடம் எடுத்தார்கள். ஐந்தாறு நாள் இடைவிடாமல் ஓடியது. நம் ஊரில் அதே சோதனையைச் செய்திருந்தால், ஐந்தாறு நாள் இடைவிடாமல் கரண்ட் இருந்ததே முதல் கண்டுபிடிப்பாக அறிவிக்கப்பட்டிருக்கும்.

படங்களை அடையாளம் காணும் இமேஜ்நெட் போட்டியில் அவர்களுடைய பிழை 15.3 சதவீதம். இரண்டாவதாக வந்தவருக்கு 26.2. செயற்கை நுண்ணறிவு உலகமே அந்தப் படுக்கையறைப் பக்கம் திரும்பியது. கத்திரிக்காய் நறுக்க வந்த நூறு பேரும் கணக்கில் புலிகள் என்று தெரிந்துவிட்டது. முக்கோணம் வரையத் தேவைப்படுகிற பெருக்கலும் கூட்டலும்தான் அவர்கள் பாடம் எடுத்த ‘நரம்பு வலை’ என்ற மென்பொருளுக்கும் தேவை.

30 ஆண்டாகப் பிள்ளைகள் அப்பாக்களிடம் சொல்லிவந்த பொய், பெற்றோர் வீட்டிலேயே ஒரு மாணவர் கையால் உண்மையாகிவிட்டது. விளையாட்டுக் கார்டு படிப்புக்குத்தான். இதைக் கேட்டு மகிழ வேண்டியவர்கள் விளையாட்டுக்காரர்கள். அவர்கள் வயிற்றில் அடி விழுந்ததோ அங்கேதான்.

முதல் அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. எதீரியம் என்ற மின்காசைத் தோண்டியெடுக்கவும் இதே பெருக்கல்காரர்கள் உதவுவார்கள் என்று தெரிந்து, 2017-இலும் 2021-இலும் கடைகளைக் காலிசெய்தார்கள். 2020 செப்டம்பரில் 699 டாலர் என்று அறிவித்த ஆர்டிஎக்ஸ் 3080-ஐ அந்த விலையில் கண்டவர்கள் பாக்கியசாலிகள். தோண்டுகிறவர்களைத் தடுக்க 3060-இல் என்விடியா ஒரு பூட்டுப் போட்டது. சில வாரத்தில் அதே என்விடியா தவறுதலாக வெளியிட்ட ஒரு டிரைவர் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் தோண்டுகிற முறையையே கைவிட்டது. உடனே பழைய கார்டுகள் சந்தைக்கு வெள்ளமாக வந்தன. எல்லாமே ‘லைட்டா யூஸ் பண்ணது, சிங்கிள் ஓனர்’. இரவும் பகலுமாக இரண்டு வருடம் ஓடிய ஃபேன் மட்டும் நடுங்கிக்கொண்டே உண்மையைச் சொல்லும்.

அடுத்த மாதமே, 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4080 என்று அறிவித்த ஒரு கார்டை, பெயர் சரியாக வைக்கவில்லை என்று சொல்லி என்விடியா வாபஸ் வாங்கியது. பெயர் வைப்பதில் 20 ஆண்டு அனுபவம் உள்ள கம்பெனிக்கு வந்த முதல் வெட்கம். மூன்று மாதத்தில் அது 4070 டிஐ என்று வேறு பெயரில் வந்தது. கொஞ்சம் விலை குறைத்திருந்தார்கள்.

நிஜமான அடி படிப்பிலிருந்து வந்தது. 2020-இல் ஹுவாங் தன் வீட்டுச் சமையலறை ஓவனிலிருந்து ஒரு ராட்சசப் பலகையை வெளியே இழுத்து, உலகின் மிகப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு என்று காட்டினார். அதில் வரிசையாக இருந்தவை ஏ100 சிப்புகள். மானிட்டரைச் செருக அதில் இடமே கிடையாது. படமே காட்டாத கிராஃபிக்ஸ் கார்டு. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் வருமானம் சுமார் 13,050 கோடி டாலர். அதில் விளையாட்டுப் பிரிவின் பங்கு 1,135 கோடி. வீட்டைக் கட்டிக் கொடுத்த பிள்ளைகள் இன்று திண்ணையில். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090-இன் அறிவிப்பு விலை 1,999 டாலர், மின்பசி 575 வாட். அந்த ஆண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், வீட்டுக் கணினிக்காரர்களுக்கு ராம் விற்றுவந்த குரூஷியல் வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்தது. ராமும் படிக்கப் போய்விட்டது.

அன்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைத் தம்பியைக் கடவுளாகப் பார்த்த பையன்களுக்கு இப்போது நாற்பது வயது. முன்தலை ஏறிவிட்டது. ஆசை இறங்கவில்லை. வாய்க்குப் பழகிய வாக்கியம்தானே, இப்போது வேறு கோர்ட்டில் தாக்கல் செய்கிறார்கள்.

“பையன் படிப்புக்குத்தாம்மா. ஏஐயெல்லாம் வந்திடுச்சு. 16 ஜிபி கார்டு ஒண்ணு இருந்தா வீட்டிலேயே கத்துக்குவான்.”

பையன் சோபாவில் படுத்து மொபைலில் யாரையோ சுட்டுக்கொண்டிருக்கிறான். தலையைக்கூடத் தூக்கவில்லை. அம்மாவுக்கு ஓஎம்ஆரில் ஐடி வேலை. அப்பா காலத்து அப்பாக்களைப் போல ஆட்டோகேட் என்ற பெயருக்கு மயங்குகிற ஆள் இல்லை.

“அதுக்கு எதுக்குங்க கார்டு? நாங்கல்லாம் கிளவுட்லதான் எடுத்துக்கறோம். எத்தனை மணி நேரம் ஓட்டறமோ அதுக்குக் காசு கட்டினாப் போதும். நான் அவனுக்கு அக்கவுன்ட் போட்டுத் தரேன்.”

ஒருவழியாக உண்மையான பொய், உண்மையான மறுநாளே செல்லாக்காசானது. வேறு வழியில்லாமல் அப்பா, கிராஃபிக்ஸ் கார்டு வாங்குகிறவர்கள் யாரும் அதுவரை வீட்டில் சொல்லத் துணியாததைச் சொல்லிவிட்டார்.

“சரி, விளையாடத்தான் கேட்கிறேன்.”

“விளையாடறதுக்குன்னா இருக்கறதே போதுமே.”